ஆசிரியர் அறைக்கு வைத்த பொட்டு

புது ஃப்ளெக்ஸுக்கென்று ஒரு வாசனை இருக்கிறது. வெயிலில் காய்ந்த மழைக்கோட்டும் மண்ணெண்ணெயும் சேர்ந்து மூக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். போன ஞாயிற்றுக்கிழமை ஆனையூரில், எங்கள் தெருவிலேயே, ஒரு புதுமனை புகுவிழா. பந்தல் வாசலில் வீட்டுக்காரர் குடும்பத்தோடு மாடி உயரத்துக்குக் கைகூப்பி நின்றார். அதே குடும்பம் கீழே, சாதாரண உயரத்தில், பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தது. பன்னீரையும் மீறி அந்த வாசனை வந்தது.

கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், சர்க்கரையா டீச்சர் என்று பரிவோடு கேட்டார். சர்க்கரை இல்லை, ஒரு பயிற்சி முகாம் என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்?

இந்தத் தொடரில் போன வாரம் எழுதிய மாட்டுத்தாவணி அத்தியாயத்தைத் தொடர்வதாகத்தான் இருந்தேன். மன்னியுங்கள். மூக்கு வேறு பக்கம் இழுக்கிறது.

மோனை இருந்தது

கொரோனா முடிந்து பள்ளிகள் மறுபடி இரைச்சலுக்குப் பழகிக்கொண்டிருந்த காலம். எங்கள் பள்ளி சமயநல்லூர் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. விடுதியோடு கூடிய பழைய மிஷன் பள்ளி. நான் அங்கே தமிழ் நடத்துகிறேன். எங்கோ ஒரு விடுதியில் ஏதோ நடந்து, அதைத் தொட்டு ஒரு சுற்றறிக்கை கிளம்பி, ஆசிரியர்கள் எல்லோரும் கேலிக்கொடுமைத் தடுப்புப் பயிற்சி பெற்றாக வேண்டும் என்று வந்து சேர்ந்தது.

தலைமையாசிரியர் தேவதாஸ் சார் சுற்றறிக்கையைப் படித்ததும் முதல் வேலையாக ஃப்ளெக்ஸுக்குச் சொன்னார். எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸ் இல்லாமல் காது குத்துக்கூட நடப்பதில்லை, கொடுமையை மட்டும் அப்படி ஒழித்துவிட முடியுமா? வாசகம் எழுதும் பொறுப்பு தமிழ் மிஸ்ஸுக்கு. 'கேலி களைவோம், கேண்மை வளர்ப்போம்' என்று எழுதிக் கொடுத்தேன். மோனை இருந்தது. அது போதும் என்று எல்லோருமே நினைத்தோம்.

வாசகத்துக்குக் கீழே எங்கள் முகங்கள். சார் முகம் குடத்தின் அளவு. அடுத்து, சரித்திரம் நடத்தும் மூத்த ஆசிரியை பகவதி மிஸ், சொம்பு அளவு. பணிமூப்பு குறையக் குறைய முகங்களும் குறைந்து, கடைசி மூலையில் தபால்தலை அளவில் ஒன்று. அதுதான் அமலி. கணக்கு டீச்சர். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

தீக்குச்சி

பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தார். கைத்தறிச் சேலை, துணிப்பை, மெல்லிய குரல். எடுத்ததும், உங்களில் யாரெல்லாம் படிக்கும் காலத்தில் ராகிங்கில் மாட்டியிருக்கிறீர்கள், கொஞ்சம் சொல்லுங்களேன் என்றார்.

அவர் கொஞ்சம் என்று சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் ஆட்கள் அணை திறந்தது மாதிரி பொங்கிவிட்டார்கள். டிராயிங் மாஸ்டர் இல்லாத சைக்கிளை மிதித்துக்கொண்டு விடுதியைச் சுற்றி வந்தாராம். திருப்பத்தில் மணியடிக்கவில்லை என்று இன்னொரு தடவை சுற்ற வைத்தார்களாம். மிதித்தே காட்டினார். நான் என் பங்குக்குத் தீக்குச்சிக் கதையைச் சொன்னேன். கல்லூரி விடுதியின் நீள வராந்தாவை ஒரு தீக்குச்சியால் அளக்கச் சொன்னார்கள். முட்டி போட்டு அந்தக் கோடிவரை அளந்து முடித்தேன். 'அங்கேருந்து இங்கே வர்ற நீளம் வேறயா இருக்கும், அதையும் அள' என்றாள் மூன்றாம் வருடத்து அக்கா.

இந்தக் கதையை நான் எத்தனையோ திருமண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். சிரிப்பு எங்கே வரும், எங்கே ஒரு நொடி நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. அந்த அக்கா பிறகு எனக்கு உயிர்த்தோழி ஆனாள் என்று முடிப்பேன். எல்லோருடைய கதையும் ஏறக்குறைய அப்படித்தான் முடிகிறது. அரங்கமே குலுங்கிச் சிரித்தது.

பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. "அன்னிக்கு நைட்டும் சிரிச்சீங்களா மேடம்?" என்று கேட்டார்.

நல்லவேளை, அந்த நேரம் பார்த்து டீ வந்தது.

கடைக்குட்டி

டீ வந்ததும் அமலி எழுந்தாள். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதே இல்லை.

எங்கள் பள்ளியில் அது ஒரு வழக்கம். யார் கடைசியாக வேலைக்குச் சேருகிறார்களோ அவர்தான் ஆசிரியர் அறையின் கடைக்குட்டி. கேண்டீனிலிருந்து கேனில் வரும் டீயை வாங்கி, பணிமூப்பு வரிசைப்படி ஊற்றிக் கொடுக்க வேண்டும். பகவதி மிஸ்ஸுக்கு ஆடை விழாமல். டிராயிங் மாஸ்டருக்குச் சர்க்கரை இல்லாமல், ஆனால் சர்க்கரை இல்லை என்பது தெரியாமல். பிறகு அத்தனை எவர்சில்வர் டம்ளர்களையும் அள்ளிக்கொண்டு விடுதிப் பின்புறக் குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வர வேண்டும். சாப்பாட்டு நேரத்து டீக்கும் அதேதான். அடுத்த ஆள் வேலைக்கு வரும்போது விடுதலை.

இதை யாரும் அதிகாரமாகச் செய்யச் சொல்வதில்லை. கொஞ்சலாகத்தான் சொல்வோம். கடைக்குட்டிக்குப் பிறந்தநாள் என்றால் கேக் வெட்டுவோம். காய்ச்சல் என்றால் பகவதி மிஸ் ரசம் கட்டிக்கொண்டு வருவார். வழக்கத்தில் ஒரே ஒரு சிக்கல்: வரிசைப்படி ஊற்றி வரும்போது கடைசி டம்ளருக்கு டீ இருக்காது. கேனைச் சாய்த்தால் வண்டல்தான் வரும்.

நான் நெடுங்காலம் கடைக்குட்டியாக இருந்தவள். எனக்குப் பிறகு பல வருடங்கள் புதிய நியமனமே இல்லை. கவிதைத் தொகுப்பு வந்து, அதற்கொரு சின்னப் பரிசும் வந்து, பள்ளியில் சால்வை போர்த்தினார்கள். போர்த்திய சால்வையோடு போய் டம்ளர் கழுவினேன். ஆகவே அமலி கழுவுவதைப் பார்க்கையில் எனக்குள் ஒரு மூலையில் ஏதோ குளிர்ந்தது. அதற்கு நல்ல தமிழ்ச்சொல் இதுவரை கிடைக்கவில்லை.

அமலியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கொரோனாவில் அவள் முன்பு வேலை பார்த்த பள்ளி மூடிப் போனது. பிறகு காளவாசல் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். எம்.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு, பிரித்துப் போட்ட சேலைகளுக்கு நடுவே நின்றாள். எங்கள் பள்ளியில் அவளுக்கு அது தற்காலிக இடம். வருடக் கடைசியில் நிர்வாகக் குழு கூடும். யாரை நிரந்தரமாக்குவது, யாருக்கு நன்றி சொல்லி அனுப்புவது என்று அப்போது தெரியும். மறுபடி சேலை மடிக்கப் போகக் கூடாது. அவளுக்கு வேறு பெரிய லட்சியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

டீ முடிந்ததும் பயிற்சியாளர், பள்ளிக்கு ஒரு கண்காணிப்புக் குழு வேண்டும், அதற்கொரு பொறுப்பாளர் வேண்டும் என்றார். எல்லோரும் கூரையைப் பார்த்தோம். பகவதி மிஸ்தான் வழி சொன்னார். "நம்ம கடைக்குட்டி இருக்காள்ல."

அமலி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பொறுப்பேற்றாள். கைதட்டினோம்.

பொட்டு

மதியம் வரைபடப் பயிற்சி. பெரிய சார்ட் தாளில் பள்ளியை வரைய வேண்டும். எங்கெல்லாம் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைச் சீண்டுவார்கள் என்று தோன்றுகிறதோ, அங்கெல்லாம் சிவப்பு வட்டம் ஒட்ட வேண்டும். யார் எதை ஒட்டினார்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. அதுதான் விதி என்று பயிற்சியாளர் அழுத்திச் சொன்னார். தலைமையாசிரியரும் பலமாகத் தலையாட்டினார்.

டிராயிங் மாஸ்டர் அழகாக வரைந்தார். கொண்டு வந்த வட்டங்கள் போதவில்லை. எங்கள் உற்சாகம் அப்படி. கழிப்பறை ஓரத்திலேயே பாதி தீர்ந்துவிட்டது. பகவதி மிஸ் கைப்பையைத் திறந்து இரண்டு மூன்று ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை எடுத்துப் போட்டார். "இதுவும் செவப்புத்தானே, ஒட்டுங்க."

வாழ்நாளில் பொட்டு அட்டையைத் தொட்டிராத ஆண்கள் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்கள். பி.டி. மாஸ்டர் விரலில் ஒட்டிய பொட்டு பேப்பரில் இறங்க மறுத்து, அவரோடேயே ஊர்வலம் வந்தது. கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடம் முழுக்கப் பொட்டு. பஸ் நிற்கும் இடத்தில், விடுதி மாடிப்படியில், குழாயடியில் மட்டும் கொத்தாக. மாரியம்மன் வந்து இறங்கியது போல எங்கள் பள்ளி சார்ட் தாளில் சிவந்து கிடந்தது.

பயிற்சியாளர் படம் எடுத்துக்கொண்டு, பொட்டு நெருக்கமான இடத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும், மறுபடி பார்வையிட வருவேன் என்று சொல்லிவிட்டுச் சாயங்கால ரயிலுக்குக் கிளம்பினார். அவர் கார் வாசலைத் தாண்டிய பிறகுதான் தேவதாஸ் சார் தாளை நிதானமாகப் பார்த்தார்.

ஆசிரியர் அறையின் மேல் ஒரு பொட்டு. இருப்பதிலேயே பெரியது. அரக்குச் சிவப்பு. பகவதி மிஸ் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வைக்கும் ரகம்.

"இது யார் வச்சது?"

விதி காரில் ஏறிப் போய்விட்டிருந்தது.

"நான்தான் சார்," என்றாள் அமலி.

சாருக்கு நல்ல மனசு. தப்பிக்க வழி காட்டினார். "கை தவறிப் பட்டுருச்சாம்மா?"

"இல்ல சார். பாத்துத்தான் வச்சேன்."

பகவதி மிஸ்ஸின் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. "டம்ளர் கழுவுறது கொடுமையாம்மா? நாங்க எல்லாம் கழுவலையா? ஒன்னைய மக மாதிரில்ல பாத்துக்கிட்டேன்."

"கழுவுறதுல ஒண்ணுமில்ல மிஸ்," என்றாள் அமலி. குரல் உயரவில்லை. மதியக் குழாயடியில் அவளுக்குப் பக்கத்திலேயே ஆறாம் வகுப்புப் பையன்கள் நின்று பிளஸ் டூ அண்ணன்மாரின் தட்டுகளைக் கழுவுவதாகச் சொன்னாள். கழுவி முடிப்பதற்குள் மணியடித்துவிடும், விளையாட நேரமிருக்காது. ஏன்டா அவங்களக் கழுவ விடுறீங்க என்று அவள் பெரிய பையன்களைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். அவர்கள் சொன்ன பதிலையும் சொன்னாள்.

"'நாங்க எல்லாம் கழுவலையா மிஸ்'னு கேட்டாங்க."



வேப்பமரம்

வரைபடம் மறுநாள் அலுவலக வராந்தாவில் மாட்டப்பட வேண்டும். பார்க்க வருகிறவர்களுக்கு ஆசிரியர் அறைப் பொட்டு தெரியக் கூடாது. தேவதாஸ் சாரே நகத்தால் பிய்த்தார். நல்ல கம்பெனிப் பொட்டு. தாளோடு வந்தது. ஆசிரியர் அறை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கிழிசல்.

அதை எப்படி மறைப்பது என்று அன்று சாயங்காலம் நடந்த ஆலோசனை, பயிற்சியின் எந்த அமர்வையும்விடத் தீவிரமானது. கடைசியில் டிராயிங் மாஸ்டர் தாளுக்குப் பின்னால் ஒட்டுப்போட்டு, அதன்மேல் பச்சை வர்ணத்தில் ஒரு வேப்பமரம் வரைந்தார். கிளை, நிழல், இரண்டு கிளிகள். அவர் வரைந்ததிலேயே சிறந்தது என்பேன்.

இன்றைக்கும் அது வராந்தாவில் தொங்குகிறது. எங்கள் பள்ளியில் வகுப்பறை, கழிப்பறை, குழாயடி எல்லாம் இருக்கின்றன. ஆசிரியர் அறை மட்டும் கிடையாது.

விருந்தாளி

மறுநாள் டீ வந்தது. அமலி எழுந்தாள். பகவதி மிஸ் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். தானே ஊற்றி, முதல் டம்ளரை அமலியின் மேசையில் கொண்டு வந்து வைத்தார். "எடுத்துக்கங்க மேடம்." கூடவே தட்டில் பிஸ்கட்.

அன்றிலிருந்து அப்படித்தான். முதல் டீ அவளுக்கு. வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா. கழுவும் வேலை யாருக்கும் இல்லை என்று ஆகி, காகிதக் கப் வந்தது. அவள் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். வெளியே போனால் தொடரும். யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. பயிற்சியில் கொடுத்த தாளில் இருந்த எந்தக் குற்றத்தையும் நாங்கள் செய்யவில்லை. நான் சரிபார்த்தேன்.

விருந்தாளியாக நடத்துவதைப் போல ஒரு ஆளை வெளியே தள்ளும் வழி வேறு இல்லை. நம் வீடுகளில் சம்பந்திச் சண்டைகள் இந்த முறையில்தான் நடக்கின்றன.

அமலி மதிய வேளைகளில் ஆசிரியர் அறைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். கழுவ டம்ளர் இல்லை, ஆனாலும் குழாயடிக்குப் போனாள். சும்மா நின்றாள். அவள் நிற்கும்போது அண்ணன்மார் தங்கள் தட்டைத் தாங்களே கொண்டு வந்து, எங்கோ பார்த்தபடி கழுவினார்கள். ஒரு நாள் அவள் காய்ச்சலில் வரவில்லை. அன்று நான் எட்டிப் பார்த்தேன். சின்னப் பையன்கள் கையில் மறுபடி தட்டுகள் அடுக்கடுக்காக.

குழாயடி டூட்டி

வருடக் கடைசி வந்தது. தேவதாஸ் சார் என்னைக் கூப்பிட்டார். நிர்வாகக் குழுவுக்கு அமலியைப் பற்றி எழுத வேண்டும். கணக்கில் பிள்ளைகள் நன்றாக வாங்கியிருக்கிறார்கள், அதிலெல்லாம் குறை இல்லை. ஆனால்.

"ஸ்டாஃபோட ஒட்டவே மாட்டேங்குது அந்தப் பொண்ணு. மத்தியானம் ஆனா ஆளையே காணோம். பகவதி மிஸ்ஸும் அதத்தான் சொல்றாங்க. நான் என்னன்னு எழுதட்டும்?"

எனக்கு ஜவுளிக்கடை ஞாபகம் வந்தது. கண்ணாடி முன்னால் யாரோ தோளில் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் சேலை. அதை மறுபடி மடிக்கும் கை.

"காணோம்னு எப்படி சார் எழுதுவீங்க? அவ டூட்டியிலல்ல இருக்கா," என்றேன்.

"என்ன டூட்டி?"

"குழாயடி டூட்டி. பொட்டு ஜாஸ்தியா இருக்கிற எடத்துல ஒரு ஆள் நிக்கணும்னு பயிற்சியில சொன்னாங்கல்ல. அந்த மேடம் மறுபடி பார்வைக்கு வரும்போது, யார் நிக்கிறான்னுதான் மொதல்ல கேப்பாங்க."

சார் ஜன்னல் வழியே குழாயடியைப் பார்த்தார். வெயிலில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அமலி நின்றிருந்தாள். 

"அந்த டூட்டி நாந்தான போட்டேன்?"

"நீங்கதான் சார்."

அவர் முகம் தெளிந்தது. ஃப்ளெக்ஸில் இருந்த முகத்துக்கு மிக அருகில் வந்தது.

பயிற்சியாளர் வந்தார். அமலியைக் காட்டினோம். குழாயடியைக் காட்டினோம். இத்தனை பள்ளிகளில் இங்கேதான் ஒரு கண்காணிப்பைக் கண்ணால் பார்க்கிறேன் என்று நெகிழ்ந்துபோனார். வராந்தாவில் வரைபடத்தின் முன் நின்று மட்டும் கொஞ்சம் குழம்பினார். இங்கே ஏதோ கட்டடம் இருந்ததே என்றார். பசுமைப் பள்ளித் திட்டம் மேடம் என்றார் தேவதாஸ் சார்.

வைகாசியில் அமலி நிரந்தரமானாள். உத்தரவில் குழாயடி டூட்டியும் சேர்த்து எழுதப்பட்டிருந்தது.

பணிமூப்பு

ஜூனில் புதிதாக ஒரு வேதியியல் டீச்சர் சேர்ந்தார். நெற்றியில் வியர்வையோடு, யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்லும் பெண். முதல் நாளே பகவதி மிஸ் அமலியின் மேசைக்கு வந்தார். 'மேடம்' எல்லாம் போய், பழைய கொஞ்சல் திரும்பியிருந்தது. "இனி நீ வெயில்ல காய வேணாம்டி. குழாயடிய அந்தப் புதுப் பொண்ணுகிட்ட விட்டுரு. வந்து உக்காந்து டீயக் குடி."

அறையே கனிந்து சிரித்தது. இவ்வளவு நாள் கழித்து ஒரு இருக்கை அவளுக்காக நகர்த்தப்பட்டது. நான்தான் நகர்த்தினேன் என்று நினைக்கிறேன். அமலி தலையாட்டினாள். அது சரி என்பதா, இல்லை என்பதா என்று தெரியவில்லை.

அன்று எனக்குக் காளவாசலில் கண்ணாடிக் கடையில் வேலை. அமலி ஊருக்குள் போகும் அதே பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. விட்டுக்கொடுத்துவிடு, புதிதாக வந்தவருக்கும் பள்ளி பழக வேண்டாமா, நீ நின்றது போதும் என்று நான் அவளுக்கு நிறைய எடுத்துச் சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன். முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க நல்லாத்தான் நிப்பாங்க மிஸ். ஆனா பசங்களுக்குத் தெரிஞ்சுரும்ல?"

"என்ன தெரிஞ்சுரும்?"

"இங்கயும் சின்ன ஆளைத்தான் நிக்க விடுவாகன்னு."

விளாங்குடி தாண்டும்வரை நான் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். 

காளவாசலில் இறங்கினோம். சிக்னலில் ஷேர் ஆட்டோக்கள் ஆள் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தன. பரோட்டாக் கடைக் கல்லில் சாயங்காலம் தொடங்கியிருந்தது. கண்காணிப்புக் குழுப் பொறுப்பாளர் என்ற முறையில், குழாயடிக்கு ஒரு முறைப் பட்டியல் போட்டிருப்பதாக அமலி அப்போதுதான் சொன்னாள். தேவதாஸ் சார் மற்ற காகிதங்களோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். பணிமூப்பு வரிசை. மேலேயிருந்து கீழே. திங்கட்கிழமை பகவதி மிஸ். செவ்வாய் டிராயிங் மாஸ்டர்.

பகவதி மிஸ்ஸுக்குத் தெரியுமா என்றேன். நாளைக் காலை அறிவிப்புப் பலகையில் பார்ப்பார்கள் என்றாள். அவளுடைய பெயர் கடைசிக்கு முன்னால் இருக்கிறது. கடைசிப் பெயர் வேதியியல் டீச்சருடையது, அவருக்கு முறை வர அடுத்த மாதம் ஆகும்.

சிரிப்பு வந்தது. கூடவே, மதிய இடைவேளை ஒன்றுதான் நான் உட்கார்ந்து எழுதுகிற நேரம் என்பதும் ஞாபகம் வந்தது. தண்ணீரைப் பற்றி நான் எழுதிய கவிதைகள் எல்லாம் அந்த அறையில், மின்விசிறிக்குக் கீழே எழுதியவை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அமலியின் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒங்களுக்கு வியாழக்கெழம மிஸ். மறக்காம கொடை கொண்டாந்துருங்க, அங்க நெழலே கெடையாது. வாரேன்."